மகள் சிரிக்கிறாள், மகன் மாடிப்படியிலிருந்து குதிக்கிறான்: பழைய சூப்பர் ஹீரோக்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எப்படி?

குழந்தைகள் மனநல ஆலோசகர் பதில்

(கடிதம் எழுதியவரின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

கடிதத்தின் சாரம் இது. வாசகருக்கு வயது 38. காட்பாடியை ஒட்டிய ஓர் ஊரில் மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகளோடு வசிக்கிறார். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஐந்தரை. சிறுவனாக இருந்தபோது தூர்தர்ஷனில் ‘சக்திமான்’ ஓடும் நேரத்தில் தெருவில் காலே வைக்காதவர். தாய்மாமன் கொடுத்த முத்து காமிக்ஸ் கட்டு ஒன்றை, இரும்புக்கை மாயாவி கதைகள் உட்பட, இன்றுவரை தகரப் பெட்டியில் பூட்டிக் காப்பாற்றுகிறார். பிற்பாடு 1966இல் வந்த ‘பேட்மேன்’ தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து அதன்மேலும் ஆசை கொண்டவர்.

இந்தக் கோடை விடுமுறையில் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம் என்று உட்கார வைத்திருக்கிறார். “என்னப்பா இது, பைஜாமா போட்டுக்கினு சண்டை போடறாங்க” என்று சிரித்துவிட்டுப் பத்தே நிமிடத்தில் மகள் எழுந்துபோய்விட்டாள். மகன் அப்படியே மூழ்கிவிட்டான். மூன்றாம் நாள் ஆயாவின் துண்டைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு மாடிப்படியின் ஆறாவது படியிலிருந்து குதித்தான், கணுக்கால் வீங்கியிருக்கிறது. இரவில் ‘சக்திமான்’ வில்லன் கில்விஷ் வருவான் என்று பாத்ரூமுக்குத் தனியாகப் போவதில்லை. “பிளக்குல கை வெச்சா மாயாவி மாதிரி நானும் மறைஞ்சிடுவேனாப்பா?” என்று கேட்டிருக்கிறான். போதாததற்கு, பழைய மாயாவி புத்தகம் ஒன்றில் ஸ்கெட்ச் பேனாவால் இரும்புக்கைக்குப் பச்சை வண்ணம் தீட்டிவிட்டான். அப்பா போட்ட சத்தத்தில் பிள்ளை நடுங்கிப்போய், அதன்பிறகு அந்தப் பெட்டிப் பக்கமே வருவதில்லை.

மனைவி “இதோட நிறுத்திடுங்க” என்கிறார். “இப்போதைய படங்களில் இருக்கும் ரத்தமும் வெட்டுக்குத்தும் இல்லாத சுத்தமான கதைகள்தானே இவை? நாங்களும் பார்த்துத்தானே வளர்ந்தோம்? மொபைலில் ஊறிப்போனதால்தான் மகளுக்குப் பிடிக்கவில்லையா? விட்டுவிடட்டுமா, தொடரட்டுமா?” என்பது வாசகரின் கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

தொடருங்கள். ஆனால் இதுவரை செய்த விதத்தில் வேண்டாம். பத்து வயதையும் ஐந்தரை வயதையும் ஒரே திரை முன்னால் ஒன்றாக உட்கார வைத்த இடத்தில்தான் பாதிச் சிக்கல் தொடங்கியது. உங்கள் மகளுக்கு அது வேடிக்கை. மகனுக்கோ அது உலகம் இப்படித்தான் இயங்குகிறது என்று சொல்லும் செய்தி. இருவருக்கும் வேறு கதை, வேறு நேரம், வேறு பேச்சு வேண்டும். அதற்கு முன், தள்ளிப்போட முடியாத சில காரியங்களைப் பார்த்துவிடுவோம்.

துண்டு, மாடிப்படி, பிளக்

முதலில் கணுக்கால். பிள்ளைகளின் எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு மென்மையான பகுதி உண்டு. அதில் அடிபட்டாலும் வெளிப்பார்வைக்குச் சுளுக்கு மாதிரியே தெரியும். அந்தக் காலை ஊன்றி நாலு அடி நடக்க முடியாவிட்டாலோ, எலும்பின்மேல் விரலால் அழுத்தினால் வலித்தாலோ, இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடியாவிட்டாலோ எண்ணெய் போட்டு நீவி விடாமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். இன்னொரு முறை குதித்துத் தலையில் அடிபட்டால், திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிதல், இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

‘இனிமே குதிக்காதே’ என்று மட்டும் சொன்னால் ஐந்தரை வயதுப் பிள்ளைக்கு அது போதாது. “சக்திமான் நெஜமா, கதையா?” என்று கேட்டுப் பாருங்கள். “கதை” என்று சரியாகவே சொல்வான். ஆனால் விளையாட்டின் சூட்டிலும் பயத்திலும் அந்த அறிவு நிற்காது. ஏழெட்டு வயதில்தான் அது உறுதிப்படும். அவன் போட்ட கணக்கு எளிமையானது: முதுகில் துணி தொங்குகிறவர்கள் பறக்கிறார்கள், என் முதுகிலும் துணி இருக்கிறது. ஆகவே மிக நேரடியாகச் சொல்லுங்கள். “அந்த மாமா பறக்கவே இல்ல. ஸ்டுடியோவுல நிக்க வெச்சு எடுத்துட்டு, பின்னாடி வானத்தை ஒட்ட வெச்சிட்டாங்க. துணி கட்டிக்கினு குதிச்சா யாரா இருந்தாலும் கீழதான் வுழுவாங்க.” ஒருமுறை சொன்னால் பதியாது, ஒவ்வொரு முறை பார்க்க உட்காரும்போதும் சொல்ல வேண்டும்.

துண்டைப் பிடுங்கி வைக்க வேண்டியதில்லை. கழுத்து முடிச்சுதான் ஆபத்து. கைப்பிடிக் கம்பியிலோ ஜன்னல் கொக்கியிலோ துணி மாட்டினால் கழுத்து இறுகிவிடும். பழைய வேட்டித் துணியை அவன் முழங்காலுக்கு மேலே நிற்கும்படி வெட்டி, இரண்டு தோளிலும் சட்டையோடு ஒட்டுகிற மாதிரி இரண்டு அங்குல வெல்க்ரோ தைத்துக் கொடுங்கள். இழுத்தால் கழன்று வந்துவிட வேண்டும். நீங்களே ஒருமுறை இழுத்துச் சோதித்துவிட்டுக் கொடுங்கள். நாடா, சுருக்குக் கயிறு, ஊக்கு எதுவும் கூடாது. சைக்கிள், ஊஞ்சல், சறுக்கு, அடுப்படி ஆகிய நாலு இடத்தில் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் விளையாட்டின் சட்டமாகவே ஆக்கிவிடுங்கள். சக்திமான் மாதிரி சுழல்வான் என்றால் ஹாலில் டிவி ஸ்டாண்டு முனைக்குப் பக்கத்தில் விடாதீர்கள். தலை சுற்றி விழுகிற இடத்தில் வெறும் தரைதான் இருக்க வேண்டும்.

கோடையில் நம் பக்கத்தில் பாதி வாழ்க்கை மொட்டை மாடியில்தான். கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பழைய நாற்காலி, சிமெண்ட் மூட்டை, பூந்தொட்டி, தண்ணீர்த் தொட்டி மேடை எது இருந்தாலும் பிள்ளைக்கு அது ஏணி. இன்றைக்கே நகர்த்துங்கள். மாடிக் கதவுக்கு அவன் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வையுங்கள்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது பிளக் கேள்விதான். மாயாவியின் கதையமைப்பே மின்சாரத்தில் நிற்கிறது: ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர மற்றதெல்லாம் மறைந்து போகிறான். 1962இல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்தச் சித்திரக்கதைதான் 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தது. பத்து வயதுக்கு மேல் அது அருமையான கற்பனை. ஐந்தரை வயதுக்கோ செய்முறை விளக்கம். அவன் கேட்டதற்கு “அதெல்லாம் கேக்கக் கூடாது” என்று பதில் சொல்லாதீர்கள். கேட்டானே, அதுவே பெரிய பாக்கியம். “மறைய மாட்ட. கரண்டு ஒடம்புல பாஞ்சா செத்துப் போயிடுவாங்க. பெரியவங்களும்தான், அப்பாவும்தான்” என்று சொல்லுங்கள். ‘ஷாக் அடிக்கும்’ என்பது அவனுக்கு விளையாட்டாகத்தான் கேட்கும்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உங்கள் மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி என்ற கசிவு தடுப்பான் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது வேண்டும். மின்சுமை கூடினால் தானாக விழும் எம்.சி.பி மட்டும் இருந்தால் போதாது. எம்.சி.பி ஒயரைக் காக்கும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பிதான். அதில் உள்ள ‘டெஸ்ட்’ பட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். கைக்கெட்டும் சாக்கெட்டுகளை மூடியுள்ளவையாக மாற்றுங்கள். இன்னொன்றையும் பெற்றோர் யோசிப்பதில்லை: இரும்புக்கை செய்கிறேன் என்று பிள்ளைகள் அலுமினியத் தாளைக் கையில் சுற்றிக்கொள்வார்கள். மின்சாரம் நன்றாகப் பாய்கிற பொருள் அது. இரும்புக்கை வேண்டுமென்றால் அட்டையில் வெட்டி, சாம்பல் நிறம் பூசி, நீங்களே செய்து கொடுங்கள்.

‘சுத்தமான கதை’ என்ற நம்பிக்கை

ரத்தம் இல்லாததைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறீர்கள். சின்னப் பிள்ளைக்கு அது அவ்வளவு சரியல்ல. பழைய ஹீரோ பத்தாவது மாடியிலிருந்து விழுந்து துணியைத் தட்டிவிட்டு எழுவான். அடி வாங்கிய அடியாள் அடுத்த காட்சியில் தொப்பி கலையாமல் நிற்பான். அடித்தால் வலிக்கும் என்ற செய்தியே அதில் கிடையாது. உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1961இல் செய்த புகழ்பெற்ற சோதனையில், ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த மழலையர் பள்ளிப் பிள்ளைகள், தனியாக விட்டதும் அதேபோல, அதே சொற்களைச் சொல்லி அடித்தார்கள். அங்கேயும் ரத்தம் இல்லை. பார்த்தது பெரியவரை, அதுவே போதுமானதாக இருந்தது.

‘நாங்கள் பார்த்து வளர்ந்தோம்’ என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘சக்திமான்’ 1997இல் தொடங்கியது. தொடங்கிய சில காலத்திலேயே, சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் தங்களைக் காயப்படுத்திக்கொண்டதாகச் செய்தித்தாள்களில் வந்தது. அவற்றில் எது எவ்வளவு உண்மை என்ற விவாதம் தனி. ஆனால் நடிகர் முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கவலை அன்றைக்கும் இருந்தது என்பதை உங்கள் மனைவிக்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. சக்திமானின் மாறுவேடமான கங்காதரை நினைத்துப் பாருங்கள். துருத்திய பல், தடித்த கண்ணாடி. அதைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும் என்று அமைத்திருக்கிறார்கள். மகன் வகுப்பில் கண்ணாடி போட்ட பிள்ளை இருக்கும். அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்: “கண்ணாடி போட்டவரேதான் பாரு, சக்திமானும்.”

மகள் சிரித்தது நல்ல சிரிப்பு

மொபைல் கெடுத்துவிட்டது என்ற முடிவுக்கு வராதீர்கள். உங்கள் மகள் சரியாகப் பார்த்திருக்கிறாள். 1966 ‘பேட்மேன்’ தொடரைச் சிரிப்பதற்காகவே எடுத்தார்கள். பெரியவர்கள் சிரிக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் நிஜமென்று நம்பி நகத்தைக் கடிக்க வேண்டும். இரண்டும் ஒரே காட்சியில் நடக்க வேண்டும் என்பதே திட்டம். அதனால்தான் பேட்மேனாக வரும் ஆடம் வெஸ்ட் ஒருமுறைகூடச் சிரிக்காமல், சாலை விதி பற்றித் தன் கூட்டாளி ராபினுக்கு நீதி சொல்வார். உங்கள் வீட்டில் அந்தத் திட்டம் அப்படியே பலித்திருக்கிறது: மகன் நகத்தைக் கடிக்கிறான், மகள் சிரிக்கிறாள். உங்களுக்கு வலித்ததன் காரணம் எனக்குப் புரிகிறது. அவள் உங்களைப் பார்த்துச் சிரித்ததாகத் தோன்றியிருக்கிறது.

நம் பக்கத்தில் பாரதக் கூத்து பார்க்காத பிள்ளை குறைவு. கட்டை கட்டி, கிரீடம் வைத்து வருகிற துரியோதனன் பக்கத்து ஊர்க்காரர் என்று எல்லோருக்கும் தெரியும். கட்டியங்காரன் அவரையே கேலி பண்ணுவான், ஊரே சிரிக்கும். பதினெட்டாம் நாள் படுகளத்தில் அதே ஊர் கண் கலங்கும். கேலியும் பக்தியும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. மகளின் சிரிப்பையும் அந்தக் கணக்கில் வையுங்கள்.

‘சக்திமான்’ வேறு விதம். அது மனதார நம்பி, கிடைத்த காசில், கிடைத்த தொழில்நுட்பத்தில் எடுத்தது. அங்கே வரும் சிரிப்பு எடுத்தவர்கள் எதிர்பார்த்த சிரிப்பு அல்ல. அதற்கும் அவளிடம் கோபப்படாதீர்கள். “அன்னிக்கு கம்ப்யூட்டர் இப்படி இல்லம்மா, இத எப்படி எடுத்திருப்பாங்க சொல்லு பாக்கலாம்” என்று கேள்வியை அவள் கையில் கொடுங்கள். பத்து வயதில் பிள்ளைகள் கதையைவிடக் கதை செய்யப்பட்ட விதத்தில் ஆர்வம் காட்டுவார்கள். அந்த வாசல் வழியாக அவளை அழைத்து வாருங்கள்.

பேட்மேனில் அதற்குத் தீனி நிறைய. ஜோக்கராக வரும் சீசர் ரொமேரோ மீசையை எடுக்க மறுத்துவிட்டார். மீசை மேலேயே வெள்ளைச் சாயம் பூசி நடிக்க வைத்தார்கள். முகம் பக்கத்தில் வரும்போது மீசையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வில்லன்களின் குகையில் மட்டும் கேமரா சாய்ந்திருக்கும். ஆள் கோணல் என்பதால் காட்சியும் கோணல். ராபின் ஒவ்வொரு ஆபத்திலும் ஒரு வியப்புச் சொல் விடுவான். அதற்கு நம் ஊர்ச் சரக்கில் வசனம் போடும் வேலையை மகளுக்குக் கொடுங்கள். “ஆற்காட்டு மக்கன்பேடாவே, பேட்மேன்!” என்று அவள் ஆரம்பித்துவிட்டால், ஆங்கிலம் புரியாத தம்பிக்கும் அதுவே தமிழ் டப்பிங்.

பெண்பிள்ளை என்பதால் இதெல்லாம் பிடிக்காது என்று கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள். அவளுக்கு நீங்கள் முதல் அத்தியாயத்திலிருந்து காட்டியிருப்பீர்கள். அங்கே பெண்கள் வில்லியாக வருவார்கள், அல்லது கட்டிப் போடப்பட்டிருப்பார்கள். மூன்றாம் பருவத்திலிருந்து ஆரம்பியுங்கள். 1967 செப்டம்பரில் தொடங்கிய அந்தப் பருவத்தில்தான் பேட்கேர்ள் வருகிறாள். பகலில் நூலகர், இரவில் பைக். நடித்தவர் இவான் கிரேக். பின்னால் 1970களில், பெண்களுக்குச் சம ஊதியம் கேட்கும் அமெரிக்க அரசு விளம்பரம் ஒன்றிலும் அவர் இதே வேடத்தில் வந்தார்: பேட்மேனும் ராபினும் வெடிகுண்டோடு கட்டப்பட்டுக் கிடக்க, ‘ராபினுக்குத் தருகிற சம்பளம் எனக்கும் வேண்டும்’ என்று நின்று பேசுவாள். இரண்டு பிள்ளை உள்ள வீட்டில் அந்த நியாயம் உடனே புரியும். மூன்றாம் பருவத்தில் இன்னொரு வசதியும் உண்டு: பெரும்பாலான கதைகள் ஒரே அத்தியாயத்தில், 25 நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் இரண்டு பருவங்களில் கதை நடு ஆபத்தில் நின்று மறுநாள் தொடரும்.

சுவர் ஏறும் காட்சியை வீட்டிலேயே எடுங்கள்

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் மருந்தாகக் கூடிய வேலை இது. பேட்மேனும் ராபினும் கயிறு பிடித்துக் கட்டடச் சுவரில் ஏறும் காட்சி நினைவிருக்கும். அவர்கள் ஏறவே இல்லை. சுவரைத் தரையில் படுக்க வைத்து, குனிந்தபடி அதன்மேல் நடந்தார்கள். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி எடுத்தார்கள்.

ஹாலில் வெற்றுச் சுவருக்கு முன்னால் பத்தடி இடம் போதும். தரையில் சாக்பீசால் செங்கல் கோடு போடுங்கள். ஜன்னல் கம்பியில் மகனின் இடுப்பு உயரத்துக்குக் கயிற்றைக் கட்டி, மறுமுனையை நீங்கள் இழுத்துப் பிடியுங்கள். கயிறு தொய்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மகன் வெறுங்காலோடு, முன்னால் சற்றுக் குனிந்து, கயிற்றைக் கை மாற்றி மாற்றிப் பிடித்து இடமிருந்து வலமாக நடக்கட்டும். மகள் மொபைலைப் படுக்கை வாட்டில், அவன் இடுப்பு உயரத்தில் பிடித்து எடுக்கட்டும். பிறகு எடிட்டில் வீடியோவை இடப்பக்கமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், 90 டிகிரி திருப்பினால் தம்பி மேலே ஏறுவான்.

முதல் முறை சரியாக வராது. முதுகுத் துணி தரையைப் பார்த்துத் தொங்கும். திருப்பிப் பார்த்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். துணியின் கீழ் ஓரத்தில் கறுப்பு நூல் கட்டி, ஆயா பின்னாலிருந்து லேசாக இழுத்துப் பிடித்தால் சரியாகிவிடும். அன்று ஸ்டுடியோவிலும் அதைத்தான் செய்தார்கள். மகள் ஏறுகிறாள் என்றால் பின்னலைக் கொண்டையாகப் போடுங்கள், அதுவும் சுவர்ப் பக்கமே விழும். பின்னணியில் காலண்டர், சுவிட்ச் போர்டு இருக்கக் கூடாது. மூன்றாவது நாலாவது முறையில் நம்பும்படி வந்துவிடும். தரையில் நடந்த தானே திரையில் சுவர் ஏறுவதை மகன் தன் கண்ணால் பார்க்கிறான். சக்திமான் பறக்கவில்லை என்று நீங்கள் நூறு முறை சொல்வதைவிட இது ஆழமாகப் போய்ச் சேரும். இப்போது மகளும் உங்கள் பக்கம், இயக்குநராக.

கில்விஷும் இருட்டும்

கில்விஷின் முழக்கமே இருள் நிலைக்க வேண்டும் என்பதுதான். இந்தி புரியாத பிள்ளைக்கும் குரலும் கறுப்பு உடையும் போதும், அவன் இருட்டின் ஆள் என்று தெரிந்துவிடும். ஆகவே பாத்ரூம் வழியில் கில்விஷ் நிற்பதாக உங்கள் மகன் நினைப்பதில் தவறில்லை. “கில்விஷைப் போலீஸ் புடிச்சிட்டாங்க” என்று சமாதானம் சொல்லாதீர்கள்; கில்விஷ் என்று ஒருவன் உண்டு என்று நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும்.

பகலில், கில்விஷாக நடித்த சுரேந்திர பாலின் வேடமில்லாத படத்தைக் காட்டுங்கள். 1988இல் தொடங்கிய தூர்தர்ஷன் மகாபாரதத்தில் அவர்தான் துரோணர்; சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாதான் பீஷ்மர். அந்தப் படங்களையும் பக்கத்தில் வையுங்கள். கூத்து பார்த்த பிள்ளைக்கு ஓர் ஆள் பல வேடம் கட்டுவது புதிதல்ல. இரவில் நடையில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். முதல் இரண்டு நாள் கதவு வரை கூடப் போங்கள், அடுத்த இரண்டு நாள் பாதி வழி, பிறகு அறை வாசலில் நின்று பேசிக்கொண்டிருங்கள். இரண்டு வாரம் ஆகலாம். இப்போதைக்கு ‘சக்திமான்’ வேண்டாம். ஏழு வயதுக்கு மேல் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம், எதை முதலில்

இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2021 வழிகாட்டுதலின்படி இரண்டிலிருந்து ஐந்து வயது வரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்குள், ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணிக்குள் இருக்க வேண்டும். படிப்புக்கு, பொழுதுபோக்குக்கு எல்லாம் சேர்த்துத்தான். உங்கள் மகனுக்கு வாரம் இரண்டு முறை, ஒரு தடவைக்கு 25 நிமிடம் போதும். பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். கதையின் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைக்கு முடிவு தெரிந்தால் சுவை குறையாது, பயம்தான் குறையும். யூடியூபில் ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள். பழைய தொடர்களை வைத்துக் கெட்ட வார்த்தையில் டப் செய்த துண்டு வீடியோக்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும்.

திரையைவிடப் புத்தகம் அவனுக்கு நல்லது. பக்கத்தைத் திருப்பும் வேகம் அவன் கையில் இருக்கிறது, பயந்தால் மூடிவிடலாம். ஆனால் மாயாவியை இப்போது மகளுக்குக் கொடுங்கள். முதல் கதையில் மாயாவி நல்லவனே இல்லை, கிடைத்த சக்தியைக் குற்றத்துக்குப் பயன்படுத்துகிறான், பிறகுதான் உளவு வேலைக்கு வருகிறான். மறைந்து போகிற சக்தி உனக்குக் கிடைத்தால் என்ன செய்வாய் என்ற பேச்சுக்கு அது சரியான வயது.

பச்சை வண்ணம் பூசிய புத்தகம்

இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திய இடம். கறுப்பு வெள்ளைச் சித்திரத்தைப் பார்த்து, ‘இந்தக் கைக்கு ஒரு நிறம் வேண்டும்’ என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. நீங்கள் கொடுக்க நினைத்ததை அவன் வாங்கிக்கொண்டுவிட்டான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சத்தம் போட்டதற்கு அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். “அப்பாவுக்கு அது மாமா கொடுத்த புக்கு, அதான் கத்திட்டேன். கத்துனது தப்பு” என்ற அளவு போதும். அதோடு ‘ஆனா நீயும்’ என்று சேர்க்காதீர்கள்.

ஸ்கெட்ச் மையை அழிக்க முயல வேண்டாம். ரப்பரோ ஈரமோ பட்டால் அந்தப் பழைய தாள் நைந்துவிடும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பசை பழுப்பேறித் தாளைத் தின்னும். லேமினேஷனும் கூடாது. துருப்பிடித்த ஊசிகளைப் பொறுமையாக எடுத்துவிட்டு வெள்ளை நூலால் தைக்கலாம். ஒவ்வொரு இதழையும் பாலிப்ரொப்பிலீன் உறையில் போட்டு, ஈரச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். பெட்டியில் அந்துருண்டை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மிட்டாய் என்று பிள்ளை வாயில் போட்டால் ரத்த அணுக்களே சிதையும், ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடுள்ள பிள்ளைக்கு உயிராபத்து. நன்றாகக் காய்ந்த வேப்பிலை போதும்.

மூலப் பிரதிகள் உங்களுடையவை என்று சொல்வதில் தப்பில்லை. அவை பெரியவர் கூட இருக்கும்போது மட்டும். மாயாவி கதைகள் மறுபதிப்பாக வந்திருக்கின்றன; ஒன்றை வாங்கிப் பிள்ளைகள் பெயர் எழுதி அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள், மடிக்கட்டும், கிறுக்கட்டும். வண்ணம் தீட்ட ஆசைப்பட்டால் பழைய இதழை ஜெராக்ஸ் கண்ணாடியில் வைத்து அழுத்தாமல் (முதுகு பிளந்துவிடும்) மொபைலில் படமெடுத்து ஏ4 தாளில் அச்செடுத்துக் கொடுங்கள். டெலிகிராமில் சுற்றும் ஸ்கேன் பிரதிகளை நாடாதீர்கள். உரிமையில்லாதவை, அங்கே வரும் விளம்பரங்களும் பிள்ளைகள் கண்ணில் படக்கூடியவை அல்ல.

உங்கள் மனைவியிடம் ‘நீ பயப்படுறே’ என்று வாதாட வேண்டாம். அவர் பயந்தது குதித்த பிள்ளையைப் பார்த்து. மேலே சொன்ன மாடிக் கதவு, ஆர்.சி.சி.பி, வெல்க்ரோ மூன்றையும் முதலில் செய்து முடியுங்கள். எதைக் காட்டலாம், எந்த நாள் என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அவர் வேண்டாம் என்ற கதையை அவர் இல்லாதபோது காட்டுவது மட்டும் கூடவே கூடாது.

எப்போது உதவி தேட வேண்டும்

பயம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பினாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, இவ்வளவு சொல்லியும் உயரத்திலிருந்து திரும்பத் திரும்பக் குதித்தாலோ குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்குப் பக்கம் பாகாயத்தில் சி.எம்.சி மனநல மையத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். போனில் பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ். கட்டணமில்லை, தமிழில் எந்நேரமும் பேசலாம். போகும்போது அவன் வரைந்த படங்கள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள், மருத்துவருக்கு உதவும். மின்சாரம் பாய்ந்துவிட்டால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள், அதற்கு முன் பிள்ளையைத் தொடாதீர்கள், உடனே 108ஐ அழையுங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் இதயத் துடிப்பைப் பரிசோதிக்காமல் வீட்டுக்கு அழைத்து வர வேண்டாம்.